கண் மூடாத மயக்கம்

மயக்க ஊசி போடுகிறவருக்குப் பெயர் டாக்டர். மயக்கம் தெளிகிற வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்து திட்டும் உதையும் வாங்குகிறவளுக்குப் பெயர் நர்ஸ்.

காரைக்காலில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் தியேட்டர் நர்சாக இருந்தேன். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம், என் பெயர் சலேத்மேரி. பெரிய ஆபரேஷன் என்றால் தஞ்சாவூரிலிருந்து மயக்க டாக்டர் வருவார். கட்டி கீறுவது, நழுவிய எலும்பை ஏற்றுவது, தீப்புண்ணுக்குக் கட்டு மாற்றுவது போன்ற சில்லறை வேலைகளுக்கு எங்கள் டாக்டரே ஊசி போட்டுவிடுவார். எழுபதுகளின் பாதியில் கெட்டமின் என்ற புது மருந்து வந்ததிலிருந்து அவருக்கு நிம்மதி. மூச்சு நிற்காது, நாடி விழாது, வலி தெரியாது. எனக்குத்தான் நிம்மதி போயிற்று. அந்த ஊசி போட்டவர்கள் தூங்குகிறவர்களைப் போல் இருக்க மாட்டார்கள். கண் திறந்தே இருக்கும், கருவிழி மட்டும் மெள்ள ஆடிக்கொண்டிருக்கும். தெளிகிற நேரத்தில் எதை எதையோ பார்ப்பார்கள். உங்களில் யாராவது அந்த மேசையில் படுத்து எழுந்தவராக இருந்தால் நான் சொல்வது புரியும். பக்கத்தில் ஸ்டூல் போட்டுக் காவல் இருந்தவராக இருந்தால் இன்னும் நன்றாகவே புரியும்.

ராசா

கோட்டுச்சேரிமேட்டிலிருந்து ஒரு மீன்காரர் வந்தார். வலைக்கயிறு சுண்டி இழுத்ததில் தோள்பட்டை நழுவிவிட்டது. ஊசி போட்டு, டாக்டர் அக்குளில் காலைக் கொடுத்துக் கையை இழுத்து எலும்பை ஏற்றிவிட்டார். ஆள் அசையவில்லை. கண் மட்டும் கூரையைப் பார்த்து அகலத் திறந்திருந்தது. நான் பஞ்சு எடுக்கக் கதவைக் கொஞ்சம் திறந்தேன். அந்த இடுக்கு வழியாக அவர் பெண்சாதி எட்டிப் பார்த்துவிட்டாள். வாய் பிளந்து கண் நிலைகுத்திக் கிடக்கிற புருசனைப் பார்த்தால் அவள் வேறு என்னதான் நினைப்பாள்? அடுத்த நிமிடம் வராந்தாவில் ஒப்பாரி. கூட வந்த நாலைந்து பெண்களும் தலையை விரித்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். நான் போய் "உசிரோடதான் இருக்காரும்மா" என்று கத்தியது யார் காதிலும் ஏறவில்லை.

இந்த மருந்துக்கு முதல் விதி, தெளிகிற நேரத்தில் சத்தம் கூடாது என்பது. இவரோ தன் இழவுப் பாட்டைக் கேட்டுக்கொண்டே தெளிந்தார். கடலுக்குப் போனால் வெறுங்கையோடு திரும்பாதவர், கரைக்கு வந்தால் பத்து வீட்டுக்கு மீன் பங்கு வைப்பவர், முத்தே, ராசாவே என்று போய்க்கொண்டிருந்தது. அவர் கண்ணோரம் நீர் வழிந்தது. "நான் செத்து எம்மா நேரமாச்சு?" என்று என்னைக் கேட்டார். சாகவில்லை என்று அவரை நம்பவைக்கவே கால்மணி நேரம் ஆயிற்று. பிறகு தூளிக்கட்டுப் போட்ட கையோடு அவரை வெளியே நடத்திக்கொண்டு போனேன். பெண்சாதி பாட்டை நிறுத்திவிட்டு, என்னை இப்படிப் பயமுறுத்தலாமா, கட்டையில போற மனுசா என்று ஆரம்பித்தாள். அவர் என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "கேட்டீங்களா நர்சம்மா? அந்த ராசாங்கிற வார்த்த வாங்குறதுக்கு நான் செத்துல்ல கெடக்க வேண்டியிருக்கு."

யார் கை

மீன் விற்கிற அம்மாள் ஒருத்தி. கெளுத்தி முள் குத்தி விரல் சீழ் வைத்திருந்தது. கீறிக் கழுவிக் கட்டுப் போட்டோம். தெளிந்ததும், கையைக் காணோம் என்று ஒரே ரகளை. இந்த மருந்தில் இது சகஜம், உடம்பு வேறு ஆள் வேறு என்று ஆகிவிடும். கட்டுப் போட்ட கையைத் தூக்கி முகத்துக்கு நேரே காட்டினேன். மோந்து பார்த்துவிட்டுத் தள்ளினாள்: "இது எங்கையி இல்ல. எங்கையில மீன் கவுச்சி வீசும். இது யாரோ படிச்ச பொம்பள கையி, கொண்டு போயி அவகிட்டக் குடு."

நல்லதாக ஒன்று

கெட்ட கனவு வராமலிருக்க எங்கள் டாக்டர் ஒரு வழி வைத்திருந்தார். ஊசி ஏறுவதற்கு முன் நோயாளியை நல்லதாக ஏதாவது ஒன்றை நினைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். எதை நினைத்துக்கொண்டே போகிறார்களோ அதுவே கனவில் வரும் என்பார். சொல்கிற வேலை என்னுடையது. கல்யாணம், திருவிழா, பிறந்த வீடு என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். பாதிப் பேருக்குப் பலித்தது.

ஒரு சொல்தா வந்திருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்றுதான் சொல்வோம். மாதா கோவிலில் முதல் வரிசையில் உட்காருகிற மனிதர், வெளுத்த கால்சட்டை, பேச்சு குறைவு. முதுகில் பெரிய கட்டி. நல்லதாக ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள் என்றேன். "சரி" என்றவர் புருவத்தைச் சுருக்கிக்கொண்டார். டாக்டர் ஊசியோடு நின்றார். "ஆச்சா?" என்றேன். "இரும்மா" என்றார். மறுபடியும் கேட்டேன், மறுபடியும் "இரும்மா." வராந்தாவில் இன்னும் ஆறு பேர் காத்திருந்தார்கள். டாக்டர் போட்டுவிட்டார்.

தெளிகிறபோது அவர் அலறவில்லை. அது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும், இருக்கவில்லை. சின்னப் பிள்ளை வழி தவறினால் விம்முமே, அந்த மாதிரி விம்மிக்கொண்டே இருந்தார். பிரெஞ்சில் ஏதோ கேட்டார், எனக்குப் புரியவில்லை. மருமகள் காப்பி கொண்டுவந்து, என்ன கண்டீர்கள் மாமா என்றதற்கு ஒன்றுமில்லை என்றுவிட்டார். அவள் போன பிறகு என்னைக் கூப்பிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்: "மேரி, நீ சொன்னியேன்னு தேடிக்கிட்டே இருந்தேன். ஒண்ணு கெடைக்கறதுக்குள்ள ஊசி ஏறிப்போச்சு."

வளர்மதி

இனி சொல்லப்போவது ஒரே பெண்ணைப் பற்றி. கோட்டுச்சேரியிலிருந்து வந்தவள், பெயர் வளர்மதி. பம்ப் ஸ்டவ் வெடித்து, தாடையிலிருந்து மார்வரை வெந்திருந்தாள். அந்தக் காலத்தில் ஸ்டவ் வெடித்தது என்றாலே ஊர் மாமியாரைத்தான் பார்க்கும். இவள் விஷயத்தில் நிஜமாகவே ஸ்டவ்தான் வெடித்தது. மாமியார் சாக்கைப் போட்டு அணைத்துத் தன் உள்ளங்கையையும் பொசுக்கிக்கொண்டு, மருமகள் கட்டிலுக்குக் கீழேயே படுத்துக் கிடந்தாள். பால் மறக்காத பையன் ஒருவன் வீட்டில் இருந்தான். வெடித்தபோது அவன் தூளியில் தூங்கிக்கொண்டிருந்தான், ஒரு பொறிகூட அவன்மேல் படவில்லை.

ஒன்றுவிட்டு ஒரு நாள் கட்டு மாற்ற வேண்டும். ஒவ்வொரு தடவையும் கழுத்தை நன்றாக நிமிர்த்தி, பின்னால் சாய்த்து வைத்துக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் புண் ஆறும்போது தோல் சுருங்கி, தாடை நெஞ்சோடு ஒட்டிப்போகும். அப்புறம் ஆயுசுக்கும் தரையைப் பார்த்துத்தான் நடக்க வேண்டும், எதிரே நிற்கிற பிள்ளை முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியாது. இதை டாக்டர் அவளிடம் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். அந்த வலியை மனிதப்பிறவி முழிப்போடு தாங்காது, அதனால் கெட்டமின். என்ன நினைத்துக்கொள்ளப் போகிறாய் என்று கேட்டபோது அவள் யோசிக்கவே இல்லை. "எம்புள்ளைய" என்றாள். அதைவிட நல்லது ஏது? நானும் ஒவ்வொரு தடவையும், "தம்பிய நெனைச்சுக்க வளரு" என்று காதோரம் சொன்னேன்.

தெளிகிறபோதெல்லாம் கத்தினாள். முதலில் வலியில் கத்துகிறாள் என்று நினைத்தோம். டாக்டர் தூக்க ஊசியும் சேர்த்துப் போட்டுப் பார்த்தார், ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டினோம், ஒன்றும் பலிக்கவில்லை. ஒரு நாள் மாமியார் பையனைத் தூக்கி வந்தாள். தாய் முகம் மலரும் என்று நானும் ஆசையாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் கட்டிலில் பின்னுக்கு நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள். குழந்தையை வெளியே கொண்டுபோய்விட்ட பிறகுதான் வாய் திறந்தாள்: "சிஸ்டர், அந்த ஊசி போட்டா இவன் தவழ்ந்து தவழ்ந்து ஸ்டவ்வுக்கிட்டப் போறான். எனக்குக் கையி காலு வர மாட்டேங்குது. ஒண்ணுவுட்டு ஒரு நாளு எங்கண்ணு முன்னாடி எரியறான். இனிமே ஊசியும் வேணாம், இவனைக் கூட்டிக்கிட்டும் வர வேணாம்."

அந்தச் சத்தம்

ஊசி இல்லாமலே கட்டு மாற்றினோம். ஒரு துண்டைச் சுருட்டி வாயில் கொடுத்தேன். ஒட்டிய துணியை உப்புத்தண்ணீரில் ஊறவைத்து ஊறவைத்து எடுத்தோம். கழுத்தை நிமிர்த்துகிற கட்டத்தில் அவள் உடம்பு வில்லாக வளைந்தது. டாக்டர் விட்டுவிட்டார். அரைகுறையாகக் கட்டிவிட்டு வெளியே வந்து என்னிடம் எரிந்து விழுந்தார். எரிந்து விழ அங்கே வேறு யாரும் இல்லை. அடுத்த தடவையும் அப்படியே ஆனால் தாடை இறங்க ஆரம்பித்துவிடும் என்பது அவளையும் சேர்த்து எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

அடுத்த தடவை மேசையில் படுத்துத் துண்டையும் வாயில் வாங்கிக்கொண்டாள். நாங்கள் இன்னும் கட்டைத் தொடவில்லை. திடீரென்று உடம்பு தூக்கிப்போட ஆரம்பித்தது. என்ன, என்ன என்கிறோம், துண்டைத் துப்பிவிட்டுப் பக்கத்து அறைப் பக்கம் கையைக் காட்டினாள். அங்கே ஆயா வழக்கம்போல் கத்தி, கத்தரிக்கோலை அவிக்கப் பம்ப் ஸ்டவ்வைப் பற்றவைத்துக் காற்று அடித்துக்கொண்டிருந்தாள். அந்த இரைச்சல் தினமும் எங்கள் காதில் விழுகிறதுதான். கூரையில் ஓடுகிற மின்விசிறியைப்போல அதையும் நாங்கள் கேட்காமல் பழகியிருந்தோம். அவள் மயக்கத்துக்குள் போகிறபோதும் அது இரைந்திருக்கிறது, வெளியே வருகிறபோதும் இரைந்திருக்கிறது, காதோரம் நான் பிள்ளையை நினைக்கச் சொல்லியிருக்கிறேன். டாக்டர் எழுந்து போய், தன் கையாலேயே ஸ்டவ்வின் காற்றைப் பிடுங்கி அணைத்தார்.

அன்றிலிருந்து காலையிலேயே எல்லாவற்றையும் அவித்து ஸ்டவ்வைக் கொல்லைக்குக் கொண்டுபோய்விடுவது என்று ஆயிற்று. ஸ்டவ் அணைந்து அரை மணி கழித்து அவள் ஊசிக்குக் கையை நீட்டினாள், ஒரு நிபந்தனையோடு: எதையும் நினைக்கச் சொல்லக் கூடாது. நான் சொல்லவில்லை, அவள் கையை மட்டும் பிடித்துக்கொண்டேன். கழுத்து நன்றாக நிமிர்ந்தது, கட்டு ஒழுங்காக அமைந்தது. தெளிகிற நேரத்துக்கு நானும் ஆயாவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அவள் கண் மெள்ள என் முகத்துக்கு வந்தது: "ஒண்ணுமே வரல சிஸ்டர். வெறும் வெள்ளையா இருந்துச்சு. இப்படியே இருக்கட்டும், அவன் அங்க வர வேணாம்."

பழகுவது

அதற்குப் பிறகும் வெகுநாள் இருந்தாள். வீட்டுக்குப் போகிற நேரத்தில் கழுத்து முக்கால்வாசி நிமிர்ந்தது. இடது பக்கம் திரும்ப மட்டும் உடம்போடு சேர்ந்து திரும்ப வேண்டும். தாடையிலும் கழுத்திலும் தோல் தடித்து முறுக்கிக்கொண்டிருந்தது. டாக்டருக்கு அது வெற்றி. எனக்கும் வெற்றிதான், ஆனால் பையனைக் கூட்டி வரச் சொல்லட்டுமா என்று நான் கேட்டபோதெல்லாம் அவள் கையை ஆட்டி மறுத்தாள். கனவு நின்ற பிறகும் பயம் நிற்கவில்லை. பெற்ற பிள்ளையைப் பார்க்க மாட்டேன் என்கிறாளே என்று மாமியார் என்னிடம் வந்து அழுதாள்.

கிளம்புகிற அன்று, மாமியார் அவளைக் கேட்காமலே பையனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். வளர்மதி வராந்தாவில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நெடுநேரம் அவனைப் பார்த்தாள், நிமிர்ந்துதான் பார்த்தாள். அப்புறம் தூணை விட்டு இரண்டு கையையும் நீட்டினாள். பையன் அந்த முகத்தைப் பார்த்தான், கழுத்தைப் பார்த்தான், வீறிட்டு அலறி மாமியார் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். எத்தனையோ சாவு பார்த்தவள் நான், அந்த அலறலுக்கு நிற்க முடியாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். மாமியார் "டேய், அம்மாடா, உங்கம்மாடா" என்று அவன் முதுகில் ஒன்று போட்டாள். வளர்மதி நீட்டிய கையை மடக்கவில்லை.

"அடிக்காதீங்கத்தே, அழுவட்டும். நானும் இவனப் பாத்து இத்தினி நாளு பயந்துகிட்டுத்தானே கெடந்தேன். வூட்டுக்குப் போயி ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தரு பழகிக்கிறோம்" என்றாள்.

வலி தெரியாமல் பார்த்துக்கொள்வது மட்டுந்தான் அந்த மருந்துக்குத் தெரியும், மிச்சத்தையெல்லாம் நோயாளியே வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்துக்கொள்ள வேண்டியதாகத்தான் இருந்தது.