மான் சிக்காத வருஷம்

என் கல்யாணப் பந்தலுக்குத் தோண்டிய குழிகள் மூடுவதற்குள் என் கணவர் குவைத்துக்குப் போய்விட்டார். அங்கே ஓர் அரபி வீட்டில் கார் ஓட்டும் வேலை. நான் நாராயணவனம் பக்கத்துப் பெண். ஆந்திர எல்லையில், நாகலாபுரம் மலையடிவாரத்தில் இருந்த அவர் ஊருக்கு வாழ வந்து, அவர் இல்லாத வீட்டில் மாமனார் மாமியாரோடு இருந்தேன்.

மாமியார் கொடுமைக்காரர் இல்லை. வயிறு நிறையச் சோறு போட்டார். தலைவலி என்றால் கஷாயம் வைத்துக் கொடுத்தார். ஆனால் வாசலைத் தாண்ட விடமாட்டார். "புருஷன் ஊர்ல இல்லாத பொண்ணு. எவனாச்சும் ஒரு பேச்சு பேசிட்டா நான் எம்புள்ளைக்கு இன்னா பதில் சொல்றது?" என்பார். கடைக்கு அவர் போவார். ரேஷனுக்கு மாமனார் போவார். மாட்டுக்குப் புல் அறுக்க எங்கள் வேர்க்கடலைக் கொல்லை வரைக்கும் நான் போகலாம். அதற்கு மேல் ஒரு அடி கிடையாது.

கைப்பேசி எங்கள் பக்கம் வந்த புதிது. வீட்டுக்கு ஒன்றுதான். அது மாமியாரின் இடுப்பில், சுருக்குப்பைக்குள் வெற்றிலைபாக்கோடு கிடக்கும். வெள்ளிக்கிழமைகளில் என் கணவர் கூப்பிடுவார். மாமியார் பேசி முடித்து, "இந்தா" என்று என்னிடம் நீட்டிவிட்டு அங்கேயே நிற்பார். நான், "சாப்ட்டீங்களா?" என்பேன். "ம், நீ?" என்பார். மாமியாரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதற்கு மேல் என்ன பேசுவது? ஃபோன் மறுபடி பைக்குள் போய்விடும். சுருக்குக் கயிறு இறுகும்.

பகலெல்லாம் எதையாவது துடைத்துக்கொண்டிருப்பேன். துடைத்த பாத்திரத்தையே மறுபடி துடைப்பேன்.

தை பிறந்ததும் மலையிலிருந்து மான்கள் இறங்கத் தொடங்கின. காடு காய்ந்துபோய், கிணற்றுப் பாசனத்தில் எங்கள் கொல்லைகள் மட்டும் பச்சையாக இருந்த சமயம். விடிந்து போய்ப் பார்த்தால் வேர்க்கடலைச் செடிகள் வரிசை வரிசையாக மொட்டையாகிக் கிடக்கும். மான் அடித்தால் கேஸ் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் பொங்கல் கழிந்ததிலிருந்து சித்திரை பிறக்கும்வரை ஞாயிற்றுக்கிழமைகளில் சிலர் வலையோடு மலை ஏறுவது வழக்கமாக இருந்தது. ஓடை குறுகும் இடத்தில் குறுக்கே வலை கட்டுவார்கள். மேலிருந்து நாலு பக்கமும் தகரம் தட்டிக்கொண்டு மற்றவர்கள் கலைத்து வந்தால், மான் ஓடையில் இறங்கி வலைக்கு வரும்.

அந்த வருஷம் கலைக்க ஆளில்லை. வாலிபப் பிள்ளைகள் பாதிப் பேர் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் கம்பெனிகளுக்கும், மீதிப் பேர் வளைகுடாவுக்கும் போய்விட்டிருந்தார்கள். மாமனாரின் பங்காளி ஒருவர் பக்கத்து வீட்டில் இருந்தார். நான் அவரைச் சின்ன மாமா என்பேன். எதையும் முடியாது என்றே ஆரம்பிக்கிற மனுஷர்.

"இன்னாண்ணா, நாலு கெழம் போயி மானை எங்கேந்து கலைக்கிறது? அது நம்மளப் பாத்து சிரிச்சிட்டுப் பூடும்" என்றார்.

எதிர்வீட்டு அக்கா அப்போது எங்கள் வீட்டில் மோர் வாங்க வந்திருந்தார். கணவர் இறந்து, கூலி வேலை செய்து பிழைப்பவர். "ஏன், தகரம் தட்றதுக்கு மீசை வேணுமா? நாங்க வர்றோம். நாங்க களை எடுக்கிற கொல்லையத்தான் துன்னுட்டுப் போவுது" என்றார்.

மாமனார் என் பக்கம் கையைக் காட்டி, "இதுவும் வரட்டுமே" என்றார்.

மாமியார் உடனே மறுப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் வெற்றிலையை மென்றபடி, "நீ கூடவே இருப்பியா?" என்று மாமனாரைக் கேட்டார். "பின்ன?" "அப்ப போவட்டும். கறி கெடச்சா உப்புக்கண்டம் போட்டு, குவைத்துக்குப் போற யார் கையிலயாச்சும் குடுத்தனுப்பலாம்." மகனுக்கு மான்கறி உப்புக்கண்டம் என்றால் உயிர்.

அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் கையில் ஒரு எண்ணெய்த் தகரத்தோடு நான் மலை ஏறினேன். ஓடையின் ஒரு பக்கத்தில் கரை சரிந்து வழிவிட்டிருந்த இடத்தில் மாமனார் என்னை நிறுத்தினார். "மான் இந்தப் பக்கம் வந்தா கத்து. தகரத்தை அடி. திருப்பி ஓடைக்குள்ள வுட்ரணும். வேற ஒண்ணும் பண்ண வாணாம்." சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டார்.

நான் தனியாக ஒரு பாறைமேல் நின்றேன். என்னைப் பார்க்க யாருமில்லை. அந்த வீட்டுக்கு வந்த பிறகு என் முதுகுக்குப் பின்னால் ஒருவரும் இல்லாமல் நான் நின்றது அன்றுதான். முந்தானையை அவிழ்த்து உதறிச் செருகிக்கொண்டேன். கிழக்கே சமவெளி முழுக்கத் தெரிந்தது. தூரத்தில், சத்யவேடு பக்கம், செம்மண்ணை அறுத்துப் புதுச் சாலைகள் போட்டிருந்தார்கள். வெள்ளையாகப் பெரிய பெரிய கொட்டகைகள் எழும்பிக்கொண்டிருந்தன. அன்று மான் வரவில்லை. வராததை நான் கவனிக்கவே இல்லை.

அடுத்த ஞாயிறும் வரவில்லை. அதற்கடுத்த வாரம் ஒரு முயல் எங்கள் கால்களுக்கிடையே ஓடித் தப்பியது. ஒரு வாரம் காட்டுப்பன்றி ஒன்று வலையைக் கிழித்துவிட்டு, சின்ன மாமாவின் நாயின் விலாவையும் கிழித்துவிட்டுப் போனது. நாயை அவர் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். வழியெல்லாம் மாமனாரைத் திட்டினார்.

"இத்தோட வுட்ருண்ணா. வெட்டி வேல. முட்டி தேஞ்சதுதான் மிச்சம்."

மாமனார் கிழிந்த வலையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அது எனக்குப் பயத்தைக் கொடுத்தது. வேட்டை நின்றால் என் ஞாயிற்றுக்கிழமையும் நிற்கும். மான் விழுந்தாலும் ஆசை தீர்ந்து நின்றுவிடும், விழாவிட்டாலும் அலுத்து நின்றுவிடும். இரண்டுக்கும் நடுவில் எங்கேயாவது ஒரு மான் இருந்துகொண்டே இருக்க வேண்டும் என்று நான் விரும்பினேன்.

அதனால் புல் அறுக்கப் போகும்போது தரையைப் பார்க்க ஆரம்பித்தேன். வாய்க்கால் சேற்றில் குளம்புத் தடம் எது புதிது, எது நேற்றையது என்று பழகியது. சாயங்காலம் மாமனார் கை கால் கழுவும்போது தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொல்வேன். "மாமா, கெணத்து மேட்டுல புது அடி கீது. பெரிய கொம்பு மானா இருக்கும் போல. வேலி முள்ளுல முடி சிக்கினு இருந்திச்சி." அவர் கேட்காத மாதிரி இருப்பார். மறுநாள் காலையில் கிணற்று மேட்டில் குனிந்து நின்றுகொண்டிருப்பார்.

கிழிந்த வலையை நானும் அக்காவும் மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து முடிந்தோம். சின்ன மாமா வரமாட்டேன் என்றபோது, நாய்க்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் போட்டுவிட்டு, "ஒங்களாட்டம் வலை கட்ட யார் கீறாங்க மாமா?" என்று கேட்டேன். அவர் முனகினார். ஆனால் ஞாயிறு விடியலில் தலைப்பாகையோடு வாசலில் நின்றார்.

"இன்னாமே, ஒனக்கு மான்கறின்னா அவ்ளோ ஆசையா?" என்று அக்கா ஒருநாள் கேட்டார். நான் சிரித்து மழுப்பினேன். ஆனால் மாசி கழிவதற்குள் எனக்கு நிஜமாகவே ஆசை வந்துவிட்டது. கறிமேல் இல்லை. அந்தத் தடத்துக்குச் சொந்தமான உடம்பை ஒருமுறை வலைக்குள் பார்த்துவிட வேண்டும் என்று. சமைக்கும்போதும் அதே நினைப்பு. மாமியார் குழம்பில் உப்பில்லை என்பார். எனக்குக் காதில் விழாது.

பங்குனிக் கடைசியில் ஒரு ஞாயிறு. சருகெல்லாம் அப்பளம் மாதிரி நொறுங்கிக் கிடந்ததால் தூரத்திலேயே சத்தம் கேட்டுவிட்டது. முதலில் இரண்டு பெண் மான்கள் எதிர்க்கரையில் ஏறி மறைந்தன. பின்னாலேயே அது வந்தது. கொம்பு கிளைத்த புள்ளிமான். நேராக நான் நின்ற சரிவுக்கு வந்தது. எனக்கு முன்னால், ஒரு வீட்டுக்கூடத்தின் அகலத் தூரத்தில் நின்று என்னைப் பார்த்தது. அதன் மூக்கு ஈரமாக இருந்தது.

நான் கத்தினேன். என் தொண்டையில் அப்படி ஒரு குரல் இருப்பது எனக்கே தெரியாது. தகரத்தை ஓங்கி ஓங்கி அடித்தேன். அது துள்ளித் திரும்பி ஓடைக்குள் பாய்ந்தது. "மாமா, வருது! வருது!" என்று அலறிக்கொண்டே கரையோரம் ஓடினேன்.

வலைக்கு முன்னால் வந்து மான் சட்டென்று நின்றது. எதைக் கண்டதோ தெரியவில்லை. பக்கவாட்டில் பாறைக்குப் பின்னால் குந்தியிருந்த சின்ன மாமாவின் தலைக்கு மேலே ஒரே தாவாகத் தாவிப் போய்விட்டது. அவர் மல்லாந்து விழுந்தார். தலைப்பாகை அவிழ்ந்து முகத்தில் கிடந்தது. அடிபட்டுவிட்டதோ என்று ஓடினோம். அவர் எழுந்து உட்கார்ந்து, "வயிறு வெள்ளையா இருந்திச்சிண்ணா. தொட்டிருப்பன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

எங்கள் தகரச் சத்தம் மலைக்கு அந்தப் பக்கமும் கேட்டிருக்கிறது. நாங்கள் வலையைச் சுருட்டி முடிப்பதற்குள் காட்டிலாகா காவலர்கள் இரண்டு பேர் வந்துவிட்டார்கள். ஒருவர் என்னையும் அக்காவையும் பார்த்துவிட்டு மாமனாரிடம், "ஆடவாள்ளனி கூடா தீஸ்கொச்சாவா? சிக்கு லேதா நீக்கு?" என்றார். பெண்களையும் கூட்டி வந்தாயே, வெட்கமில்லையா என்று. மாமனார் கைகூப்பினார். "தப்பாயிந்தி சார்" என்றார். மான் கிடைக்காததால் கேஸ் இல்லை. வலையை எடுத்துக்கொண்டு, மறுபடி பார்த்தால் உள்ளே தள்ளிவிடுவோம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "பொம்பளைய கேஸ்ல புடிச்சிக்கினு போயிருந்தா எம்புள்ள மூஞ்ச எங்க வச்சிக்குவான்?" அன்றிலிருந்து கொல்லைக்கும் அவரே போனார். சித்திரை வெயிலில் ஓட்டுக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். மூச்சு விடுவதற்குக்கூடக் கேட்டுக்கொண்டு விட வேண்டும் போலிருந்தது. ஒரு மத்தியானம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் காரணமில்லாமல் அழுதேன். மாமியார் பயந்துபோய்த் திருநீறு பூசினார்.

ஆடியில் எதிர்வீட்டு அக்கா ஒரு செய்தி கொண்டுவந்தார். நான் பாறைமேலிருந்து பார்த்த அந்த வெள்ளைக் கொட்டகைகளில் பெண்களை வேலைக்கு எடுக்கிறார்கள். கம்பெனி பஸ்ஸே கூட்டுரோட்டுக்கு வந்து ஏற்றிக்கொள்ளும். நான் அன்றே கேட்டேன். மாமியார் முடியாது என்றார். வெள்ளிக்கிழமை ஃபோனில் கேட்டேன். மாமியார் பக்கத்தில் நிற்கும்போதே கேட்டேன்.

"இன்னா கொற ஒனக்கு? துன்றதுக்கு இல்லியா, கட்றதுக்கு இல்லியா?" என்றார் என் கணவர்.

ஒவ்வொரு வெள்ளியும் கேட்டேன். அவர் ஒவ்வொரு வெள்ளியும் முடியாது என்றார். சலிக்கவில்லை எனக்கு. கேட்டுக்கொண்டே இருந்தால் ஒருநாள் வேறு பதில் வரும் என்று எதை நம்பி இருந்தேனோ தெரியாது. ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்த ஒரு வெள்ளியன்று, ஓரமாகக் கயிறு திரித்துக்கொண்டிருந்த மாமனார் எழுந்து வந்து ஃபோனை வாங்கினார்.

"டேய், நைனா பேசறன். இது போவட்டும்டா" என்றார். மாமியார் வாயைத் திறந்தார். அவர் பக்கம் திரும்பி, "புலி கரடி கீற காட்டுக்கு அனுப்புனவ தான நீ? பஸ்ல ஏத்தி அனுப்ப மாட்டியா?" என்றார். மாமியார் வெற்றிலையைத் தேடிச் சுருக்குப்பைக்குள் கையை விட்டார். அடுத்த வாரமே நான் பஸ் ஏறினேன்.

கம்பெனியில் ஏதோ இயந்திரத்துக்கான ஒயர்களைக் கட்டுகிற வேலை. நாளெல்லாம் நின்றுகொண்டே செய்ய வேண்டும். கழிப்பறைக்குப் போகக் கை தூக்கி அனுமதி வாங்க வேண்டும். ஜன்னல்கள் மேலே, எட்டாத உயரத்தில் இருக்கும். விடுதலை என்று அதைச் சொல்ல மாட்டேன். ஆனால் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைக்கும். அக்காவும் நானும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு போவோம். முதல் மாதச் சம்பளத்தில் எனக்கென்று ஒரு ஃபோன் வாங்கினேன். பஸ்ஸிலிருந்து என் கணவரைக் கூப்பிட்டேன். மாமியார் முகம் இல்லாமல் அவரோடு பேசியது அதுதான் முதல் தடவை. இரண்டு பேரும் அசடு மாதிரி வெகுநேரம் பேசினோம். அவர் அங்கே தங்கியிருந்த அறைக்கு ஜன்னலே இல்லை என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அடுத்த வருஷம் விடுப்பில் வந்தார். நான் காலை ஷிப்டுக்குப் போய்விட்டு வெயில் சாயத் திரும்புவேன். வந்து ஒரு வாரமாகியிருக்கும். சோறு போட்டுக்கொண்டிருந்தபோது, தட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"நாளெல்லாம் ஊட்லயே குந்திக்கினு கீறது எப்டி கீதுன்னு தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் ரசம் ஊற்றினேன். மறுநாள் காலை, இருட்டு பிரியும் முன்பே எழுந்து, கூட்டுரோடு வரைக்கும் என்னோடு நடந்து வந்தார். பஸ் வரும்வரை இரண்டு பேரும் டீக்கடையில் நின்று டீ குடித்தோம்.