மோட்டார் நின்ற மதியம்

மூச்சுத் திணறுகிறவர்களுக்கு ஆக்ஸிஜன் தரும் மெஷின் செய்கிற சிறிய கம்பெனி ஒன்று பொம்மசந்திராவில் இருக்கிறது. கைதேர்ந்த எஞ்சினியர்களைப் பேசி அழைத்து வருவது அங்கே ஜோவிதாவின் வேலை. பெரிய இடங்களின் சம்பளத்தை அவளால் தர முடியாது. அதனால் தன் அப்பா ஃபிராங்க்ளினைப் பற்றிச் சொல்வாள். கோலார் தங்கவயல் சுரங்கத்துத் தூசியில் நுரையீரல் கெட்டுப்போனவர். கம்பெனியின் சோதனை மெஷினில்தான் சுவாசிக்கிறார்.

எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் எஞ்சினியராகப் பெரிய பதவியில் இருந்த பத்ரிநாத், "மெஷினை நேர்ல பாக்கணும்மா. அப்புறம் சொல்றேன்," என்றார். ஞாயிற்றுக்கிழமை அவரைத் தன் காரில் தங்கவயலில் இருக்கும் அப்பாவின் வீட்டுக்கு அழைத்துப் போனாள்.

பேசிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. மெஷின் பேட்டரிக்கு மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. மோட்டார் நின்றுவிட்டது. ஃபிராங்க்ளினின் உதடு நீலம் பாரித்தது.

ஜோவிதா மூலையிலிருந்த ஆக்ஸிஜன் சிலிண்டரை நோக்கி ஓடினாள். வியர்த்த கையில் வால்வு வழுக்கியது. "அப்பா, என்னப் பாரு. கண்ண மூடாதப்பா." பத்ரிநாத் அவள் கைமேல் தன் கையை வைத்து அழுத்தித் திருகினார். காற்று சீறி வந்தது; அவள் குழாயை அப்பாவின் மூக்கில் வைத்தாள். ஃபிராங்க்ளின் மெல்லக் கண் திறந்தார்.

மாலை வரை இருந்து, கரண்ட் வந்து ஃபிராங்க்ளின் தேறியதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார்கள். பத்ரிநாத் இனி கம்பெனிக்கு வரமாட்டார் என்றே ஜோவிதா நினைத்தாள். அதைவிட, அப்பாவைத் தனியே விட்டு வந்த பயம்தான் பெரிதாக இருந்தது. பாதி வழி தாண்டி ஹொஸ்கோட்டே நெருங்கும்போது பத்ரிநாத் கேட்டார்.

"இந்த மெஷின் வேற யார் வீட்ல இருக்கு?"

"அப்பா வீட்டுக்குப் பக்கத்துத் தெருவுல ரெண்டு பேர்கிட்ட இருக்கு சார்."

"அவங்ககிட்ட சிலிண்டர் இருக்கா?"

"ஒருத்தர்கிட்ட இல்ல."

"வண்டியத் திருப்புங்க."

திரும்பும் வழியிலேயே சிலிண்டர் ஒன்று வாங்கி, அந்த வீட்டில் வைத்துவிட்டு வந்தார்கள்.

பழைய வேலையை விட்டு, நோட்டீஸ் காலம் முடிந்ததும் பத்ரிநாத் கம்பெனியில் சேர்ந்தார். சேர்ந்த வாரமே எல்லா மெஷினையும் திருப்பி வாங்கி, அதுவரைக்கும் சிலிண்டர் கொடுத்துவிட்டு, பேட்டரிக்கு மாற்றும் பாகத்தைப் புதிதாகச் செய்யத் தொடங்கினார். ஒரு நாள் சாயங்காலம் அவர் மனைவி ஜெயலக்ஷ்மி ஜோவிதாவுக்குப் போன் செய்தாள்.

"நீங்க பேசித்தான் இவர் வந்தார். உங்க கம்பெனி நிலைக்குமா?"

பொய் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. "தெரியலைங்க. எனக்கும் பயமாத்தான் இருக்கு."

"சரி. அவர் மத்தியானம் சாப்பிடாம வேலை பாப்பார். கொஞ்சம் பாத்துக்குங்க," என்று ஜெயலக்ஷ்மி போனை வைத்தாள்.

புது மெஷின்கள் இப்போது தங்கவயலில் ஒழுங்காக ஓடுகின்றன. ஆனாலும் பொம்மசந்திராவில் கரண்ட் போய் விளக்கு அணைந்தால், ஜோவிதாவின் விரல்கள் சில்லிட்டுப் போகின்றன.