ஆளுக்கொரு அலகு

பதினைந்து வருடமாக எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் காவடிக்காரர்களுக்குக் கன்னத்தைத் துளைத்து வாயைப் பூட்டும் அலகு குத்துபவன் நான். கோயிலில் இருந்தவை மூன்றே அலகுகள். ஒருவரிடமிருந்து கழற்றியதை எலுமிச்சைச் சாற்றில் கழுவி, திருநீறு பூசி, அடுத்தவருக்குக் குத்துவேன்.

அந்த வருடம், சிறையிலிருந்து வந்திருந்த செல்வம் என் முன்னால் உட்கார்ந்தான். தப்பு மேளச் சத்தம் உச்சத்தில் அதிர்ந்தது. அலகை எடுத்ததும் சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"அண்ணே, அது வேணாம். எனக்கு எச்.ஐ.வி. இருக்கு. உள்ள இருந்தப்பதான் ரத்தம் பாத்துச் சொன்னாங்க. மாத்திரை போடுறேன்." காதோடு சொல்லிவிட்டு மடியிலிருந்து புது அலகையும் கையுறையையும் எடுத்தான். "நம்ம லயத்து வீடுகள்ல தெரிஞ்சா என் புள்ளைய யாரும் தூக்க மாட்டாங்க."

அவனுக்குப் பின்னால் ஆறு பேர் நின்றார்கள். அவன் பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. என் கையிலிருந்த அலகோ காலையிலேயே இரண்டு பேரின் கன்னத்தில் ஏறி இறங்கியது.

அவனுக்குக் குத்திவிட்டு எழுந்து கத்தினேன்: "இனி ஆளுக்கொரு புது அலகு! டவுனுக்கு ஆள் அனுப்புங்க!"

"சாமியே பழைய வேலோட நிக்குது, இவருக்குப் புதுசு வேணுமாம்!" என்று கூட்டம் ஏசியது. ஊர்வலம் ஒரு மணி நேரம் தாமதம். என்னைத் தவிரக் காரணம் தெரிந்த ஒருவனின் வாய் பூட்டியிருந்தது. கண்கள் மட்டும் சிரித்தன.

'ஜெயிலுக்குப் போனவனுக்குக் காவடி எதுக்கு?' என்று காலையில் முணுமுணுத்தவன் நான்.

பெயரை மாற்றி இதை எழுத அவன் சம்மதித்தான். தோட்டத்தில் யாராவது காரணம் கேட்டால், என் வாயிலும் அந்த அலகுதான்.