பச்சோந்திக்குத் தண்ணி காட்டியவர்

அரை அவுன்ஸ். தொடர்ந்து நான்கு நாட்களுக்கு என் நாட்குறிப்பில் அதே அளவுதான் இருக்கிறது. "காலையில் கிண்ணத்தில் ஊற்றியது இரண்டு அவுன்ஸ். மாலையில் எஞ்சியது ஒன்றரை. பச்சோந்தி குடித்தது அரை." அடித்தல் திருத்தல் இல்லாத அந்தக் கையெழுத்தை இன்றைக்குப் பார்த்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அறுபதுகளின் தொடக்கத்தில் உத்திரமேரூரில் ஓர் அரிசி ஆலையில் நான் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தேன். ஆலையின் ஆயில் எஞ்சினை ஓட்டியவரை எல்லோரும் டிரைவர் என்றே கூப்பிட்டோம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவருடைய தாய் தகப்பன் மாகறல் பக்கம் கூலிக்கு நாற்று நட்டவர்கள். எஞ்சின் துடைக்க வந்த இவர் பார்த்துப் பார்த்தே அதை ஓட்டக் கற்றுக்கொண்டார். ஒரு சித்திரையில் விறகு வண்டியிலிருந்து கட்டை இறக்கும்போது ஒரு பச்சோந்தியின் பின்னங்கால் நசுங்கிவிட்டது. விஷம் என்று ஆட்கள் கல்லெடுத்தார்கள். டிரைவர் அதைத் துணியில் அள்ளிக்கொண்டுபோய்க் காலுக்குக் கட்டுப் போட்டார். பலகைப் பெட்டி ஒன்றில் தேய்ந்துபோன நெல் சல்லடையின் வலையை அடித்து, உள்ளே ஒரு புங்கங்கிளையை நட்டு, எஞ்சின் அறைக்கு வெளியே வேப்பமர நிழலில் வைத்தார். கால் கூடியதும் விட்டுவிடுவதென்று பேச்சு.

களத்தில் நெல் துழாவிக்கொண்டிருந்த பெண்களில் மூத்தவள் சும்மா இருப்பாளா? "இன்னா டிரைவரே, கட்டினவளுக்கு ஒரு வூடு கட்டத் துப்பில்ல, ஓணானுக்கு மாளிகை கட்டிக்கினு கீறியே!"

"இது பூச்சியத் தின்னுட்டு கம்முனு கெடக்குது. அவ என்னிக்குக் கம்முனு கெடந்தா?" என்றார் அவர்.

வெட்டுக்கிளி பிடித்துப் போடுவது அவர் பொறுப்பு. தண்ணீர் என் பொறுப்பு. மருந்துக் கிளாஸால் அளந்து ஊற்றி, மாலையில் மிச்சத்தை அளந்து எழுதிவந்தேன். ஐந்தாம் நாள் காலையில் டிரைவர் வலையோரம் குந்திப் பார்த்துவிட்டு, "கண்ணு உள்ள பூடுச்சி ரைட்டரே. இது தண்ணி குடிக்கல" என்றார்.

"தினம் அரை அவுன்ஸ் குடிக்குது டிரைவரே. எழுதி வச்சிருக்கேன்."

அவர் எழுந்து போய், அதே போல இன்னொரு கிண்ணம் கொண்டுவந்து, அதே அளவு ஊற்றச் சொல்லி, பச்சோந்திக்கு எட்டாதபடி கூண்டின் மேலே வைத்தார். மாலையில் அளந்தேன். அதிலும் அரை அவுன்ஸ் குறைந்திருந்தது. சித்திரைக் காற்று குடித்ததையெல்லாம் நான் பச்சோந்தியின் பேரில் எழுதிவைத்திருந்தேன். அது ஐந்து நாளாக ஒரு சொட்டும் குடிக்கவில்லை.

"காலைல கை கழுவி உதறினேன். எலைல ஒரு சொட்டு தெறிச்சது. ஒத்தக் கண்ணு மட்டும் அது பக்கம் திரும்பிச்சி" என்றார் டிரைவர். "மரத்துலயே பொறந்த ஜீவன். எந்தக் குட்டைல எறங்கிக் குடிச்சிருக்கும்?"

எஞ்சின் தண்டுக்குச் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விடும் பழைய பித்தளைக் குப்பி ஒன்று மூலையில் கிடந்தது. கண்ணாடி வைத்தது, திருகைத் திருப்பினால் சொட்டு வேகமாகவோ மெதுவாகவோ விழும். அதைப் புளியும் உமிச்சாம்பலும் போட்டு எண்ணெய் வாடை போகும்வரை தேய்த்தார். மறுநாள் தண்ணீர் நிரப்பிக் கிளைக்கு மேலே கட்டினார். மத்தியானம் எஞ்சினை நிறுத்தியிருந்த நேரம். ஒரு சொட்டு விழுந்து, இலை நரம்பில் வழிந்து, நுனியில் தொங்கியது. பச்சோந்தியின் ஒரு கண் எங்கள்மேல் இருந்தது. மற்றது மெல்ல மெல்லச் சுழன்று அந்தச் சொட்டில் நின்றது. வாய் திறந்து இலைநுனியைக் கவ்வியது, தொண்டை அசைந்தது. அடுத்த சொட்டு. பதினேழு வரை எண்ணினேன். பிறகு எண்ணுவதை மறந்துவிட்டேன். சாம்பலாகிக் கிடந்த உடம்பில் கழுத்தடியிலிருந்து பச்சை ஏறிவந்தது. என் பக்கத்தில் டிரைவர் கைகூப்பியிருந்தார். தான் கைகூப்பியிருப்பது அவருக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் கூண்டு நாறியது. குடித்ததுபோக வழிந்த நீரில் அடியில் பரப்பிய உமி ஊறி, கால்கட்டு நனைந்து, புண் வெளுத்துப்போயிருந்தது. பிழைக்கவைத்த தண்ணீரே காலை அழுகவைத்துவிடும் போலிருந்தது. டிரைவர் தலையில் அடித்துக்கொண்டார். "மிச்சத் தண்ணி வழிஞ்சி போறதுக்குக் கலங்கலு இல்லாம ஏரி கட்டுவாங்களா ரைட்டரே? நான் கட்டிட்டேனே!" உமியை வாரிக் கொட்டி, அடிப்பலகையைப் பெயர்த்தெடுத்து, தகரத்தை நடுவில் குழிய அடித்துப் பொருத்தினார். குழியில் ஒரு துளை. துளையிலிருந்து ஒரு சிறு குழாய் வேப்பமரத்து வேருக்கு. அன்று மாலை தகரத்தைத் தடவிப் பார்த்தேன், விரலில் ஈரமில்லை. புண் காய ஆரம்பித்தது.

ஆடியில் நசுங்கிய காலாலும் அது கிளையை இறுகப் பற்றியது. முதல் மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் ஏரிக்கரைப் புங்கமரத்தில் விட்டோம். ஓர் அடி எடுத்து வைக்கும், ஆடி நிற்கும், மறுபடி ஓர் அடி. இலைகளெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தன. கண்ணெடுக்காமல்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். எந்தக் கணத்தில் அது மரமாகிப்போனது என்று இருவருக்குமே தெரியவில்லை.

வெகுநேரம் கழித்து, "அது இன்னும் அங்க கீதா ரைட்டரே?" என்றார்.

இலைகளைத் தவிர எனக்கு எதுவும் தெரியவில்லை.

"கீதுண்ணே" என்றேன்.