உப்புத் தின்ற சுவர்

போளூரில் எங்கள் தெருவுக்கு வழி கேட்க வேண்டியதில்லை, மூக்கு இருந்தால் போதும். மாசி பிறந்தால் ஜவ்வாது மலையிலிருந்து மூட்டை மூட்டையாகப் புளி இறங்கும். வீட்டுக்கு வீடு பெண்கள் உட்கார்ந்து கொட்டை எடுப்போம். எடுத்த புளியை உப்புப் போட்டுப் பானைகளில் அடைத்துச் சுவரோரம் அடுக்குவோம். இரண்டு வீட்டுக்கு ஒரு பொதுச்சுவர். இந்தப் பக்கம் எங்கள் பானைகள், அந்தப் பக்கம் அவர்கள் பானைகள். இரண்டு பக்கமும் வருஷக்கணக்காக உப்பு ஏறினால் மண்சுவர் என்ன ஆகும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. அவ்வளவு கெட்டிக்காரத் தெரு!

எழுபதுகளின் கடைசியில் ஓர் ஐப்பசி மழையில் அது விழுந்தது. "உப்பு தின்னா தண்ணி குடிச்சுதான் ஆவணும்" என்றார் அப்பா. அம்மா சிரிக்கவில்லை. யார் முகத்தில் விழிக்கக் கூடாது என்றிருந்தாளோ, அந்தப் பக்கத்து வீட்டம்மா இப்போது கண்ணெதிரே இருந்தார்.

அக்காவைப் பெண் பார்த்துவிட்டுப் போன இரண்டு இடங்கள் பதிலே சொல்லவில்லை. பக்கத்து வீட்டில் விசாரித்திருப்பார்கள், அவள்தான் கலைத்துவிட்டாள் என்று முடிவுகட்டி, அம்மா இரண்டு வருஷமாகப் பேச்சை நிறுத்தியிருந்தாள். நானும் அதை நம்பினேன். அந்தம்மா ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கிளம்பினால் வேண்டுமென்றே கதவைப் படீரென்று சாத்துவேன்.

சுவர் விழுந்த நான்காம் நாள் ஒடுகத்தூரிலிருந்து மூன்றாவது இடம் வந்தது. அக்காவுக்கு இருபத்தாறு வயது. தேதியைத் தள்ளிப்போட அம்மாவுக்குத் தைரியமில்லை. இடிந்த இடத்தில் இரண்டு புடவைகளைக் கட்டித் தொங்கவிட்டாள்.

மாப்பிள்ளையின் அம்மா காபியைக் குடித்துவிட்டு நேராகப் போய்ப் புடவையை விலக்கினார்.

"ஏம்மா, பக்கத்து வூடு நீங்கதானா? பொண்ணு எப்படி?"

எங்களை வைத்துக்கொண்டே கேட்டார்! அம்மாவின் கை என் தோளை இறுக்கியது.

பக்கத்து வீட்டம்மா முறத்தைக் கீழே வைத்தார். "அம்மாக்காரிக்கு வாய் நீளங்க. எங்கிட்ட பேசறதுகூட இல்ல. பொண்ணு அப்டி இல்ல. போன வருசம் காய்ச்சல்ல பத்து நாளு படுத்துட்டேன். அவங்க அம்மாவுக்குத் தெரியாம பின்பக்கமா வந்து இதுதான் கஞ்சி குடுத்துட்டுப் போச்சு."

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அம்மாவால் அடக்க முடியவில்லை.

"இத முன்னாடி வந்தவங்ககிட்ட சொல்றதுக்கு இன்னா?"

"யாரு வந்து கேட்டாங்க? இதுவரைக்கும் ஒருத்தரும் என் வாசலை மிதிக்கலையே!"

எனக்கு அவமானத்தில் முகம் எரிந்தது. மாப்பிள்ளையின் அம்மா எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பேசாதவங்களே இப்டி சொல்றாங்க. இன்னும் இன்னா விசாரிக்கறது? தையில வச்சுக்கலாம்."

அம்மா இடிந்த மண்ணில் கால் வைத்து அந்தப் பக்கம் போய், வந்தவர்கள் எல்லோரும் பார்க்க, வாய்விட்டு அழுதாள்.

"எனக்கு வாய் நீளந்தாம்மா, மன்னிச்சுக்கோ."