பாலகுரு சாரின் மாதிரி வகுப்பு

சாரம் பகுதியில் உள்ள அரசு ஆரம்பப் பள்ளியில் காலையில் பிள்ளைகளுக்குப் பால் ஊற்றுவது என் வேலை. மூன்றாம் வகுப்பு பாலகுரு சார் பலகையில் எழுதிப் போட்டுவிட்டு உட்கார்ந்துகொள்வார். பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள். அதுதான் பாடம்.

சர்வீஸ் ஏறினால், சம்பளம் கூடும் சீனியர் கிரேடு தானாக வந்துவிடும் என்று நம்பியிருந்தார். பயிற்சிக்குப் போனவர்களுக்குத்தான் கிரேடு என்று 2004இல் சொல்லிவிட்டார்கள். அவருக்குப் பின்னால் வேலைக்கு வந்த நான்காம் வகுப்பு பூர்ணிமா டீச்சர் பயிற்சி முடித்து கிரேடும் வாங்கிவிட்டார். டீச்சர் இனிப்பு நீட்டியபோது சார் தனக்கு சுகர் என்று சொல்லிவிட்டார். மறுநாளே பயிற்சிக்குப் பெயர் கொடுத்தார்.

கோடை விடுமுறை அதிலேயே போயிற்று. கடைசி பெஞ்சில் பேசிக்கொண்டிருந்தார் என்று அங்கே இவரை எழுப்பி நிற்க வைத்தார்களாம். இனி ஒன்றுதான் பாக்கி. நம் பள்ளியிலேயே அதிகாரி முன்னால் ஒரு மாதிரி வகுப்பு நடத்த வேண்டும். அவர் கையெழுத்துப் போட்டால் கிரேடு.

சார் ‘அளத்தல்’ பாடத்தை எடுத்துக்கொண்டு, எந்தக் கேள்விக்கு யார் கை தூக்குவது என்று பிரித்துக் கொடுத்தார். தினமும் ஒத்திகை. தப்பாகப் பதில் சொல்லவும் சுவேதா என்று ஒரு பெண்ணை வைத்திருந்தார். அதிகாரி எதிரில் திருத்திக் காட்ட வேண்டுமே.

அதிகாரி வந்த அன்று பால் வாளியோடு நானும் வாசலில் நின்றேன். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. நடுவில் அதிகாரி சுவேதாவை எழுப்பினார்.

“ஒரு லிட்டர் பால் எத்தனை டம்ளர் வரும்மா?”

சுவேதா திரும்பி சாரைக் கேட்டாள். “சார், இது தப்பா சொல்றதா, சரியா சொல்றதா?”

அதிகாரி பேனாவை மூடினார். சார் சட்டென்று வாசலுக்கு வந்து என் வாளியையும் டம்ளரையும் வாங்கிக்கொண்டு போய் மேசைமேல் வைத்தார். “தெரியலன்னா ஊத்திப் பாருடி” என்றார்.

அவ்வளவுதான், வகுப்பே பெஞ்சைவிட்டு எழுந்து வந்துவிட்டது. விளிம்பு வரை ஊற்றணும் என்றது ஒரு பக்கம், குறைத்து ஊற்றணும் என்றது இன்னொரு பக்கம். அதிகாரியின் செருப்பெல்லாம் பால். காலை நகர்த்தி வைத்துக்கொண்டு கடைசிவரை பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.

நான்காம் வகுப்புக்கு அன்று அரை டம்ளர்தான். மீதிப் பால் எங்கே என்று கேட்ட பூர்ணிமா டீச்சரிடம், பாலகுரு சார் கிரேடுக்குப் போயிடுச்சு என்றேன்.

மறுநாளும் சார் வாளியைக் கேட்டார்.

“அதான் கையெழுத்து ஆயிடுச்சே சார்?”

“பசங்க விட மாட்றாங்கம்மா. எத்தனை டம்ளர்னு அளந்தது பாதியில நிக்குதாம்.”

வாளியில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன்.