மனைவியின் பெயர் என்னும் கட்டம்

உயிரோடு எதிரில் நிற்பவரைப் பார்த்து, "நீங்கள் இறந்தால் யாருக்கு?" என்று முகம் மாறாமல் கேட்பதே பென்ஷன் பிரிவு எழுத்தரின் தொழில். படிவங்களோடு மல்லுக்கட்டி நொந்த அன்பர்களே, பள்ளிபாளையம் பக்கத்து நூற்பாலை ஒன்றில் அக்கேள்வியை இருபது ஆண்டுகளாகக் கேட்டு வருபவன் நான்.

பொருந்தாது

எங்கள் ஆலைக்கென்று தனி ஓய்வூதிய நிதி உண்டு. ஆண் தொழிலாளி இறந்தால் அவர் மனைவிக்குப் பாதிப் பென்ஷன் போகும். பெண் தொழிலாளி இறந்தால் அவர் கணவருக்கு ஒன்றும் போகாது. சந்தா மட்டும் இருவரிடமும் ஒரே அளவில் பிடிக்கப்பட்டது. படிவத்தில் 'மனைவியின் பெயர்' என்றொரு கட்டம் இருக்கும். பெண்களின் படிவத்தில் அதற்குள் 'பொருந்தாது' என்று எழுதுவது என் கடமை.

நூல் சுற்றும் பிரிவில் வேலை பார்த்த சரசு ஓய்வுபெற ஆறு மாதம் இருந்தது. இதயத்தில் அடைப்பு என்று மருத்துவர் சொல்லியிருந்தார். கணவர் ராசு போர்வெல் தோண்டும் ரிக் வண்டியில் வேலை பார்த்தபோது வலது காலை இழந்து, எட்டு ஆண்டுகளாக வீட்டோடு இருப்பவர். தமக்குப் பின் அவர் எதைக் கொண்டு வாழ்வார் என்பதே அந்த அம்மாளின் கவலை. நான் விதியை நிறுத்தி நிதானமாக வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஏனுங்க சார், சம்பளத்துல புடிக்கறப்ப மட்டும் நான் பொருந்துறனுங்களா?"

ஒரே நுகம்

அறம் அறிந்தவன் வாய் மூடியிருத்தல் தகாது என்று கருதி, நிதிக்குழுக் கூட்டத்தில் குறிப்பெடுக்கப் போன நான் ஒரு கதை சொன்னேன். உழவர் ஒருவர் இரண்டு மாடுகளை ஒரே நுகத்தில் பூட்டி உழுதார். இரண்டும் சமமாகவே இழுத்தன. மாலையில் இடப்பக்க மாட்டுக்கு மட்டும் தீவனம் வைத்தார்; வலப்பக்க மாடு எங்காவது மேய்ந்துகொள்ளும் என்று ஊராருக்கு விளக்கமும் சொன்னார். மனச்சான்று உடையோர் இதை ஏற்கலாமா என்று கேட்டு அமர்ந்தேன்.

நிர்வாக அதிகாரி மூக்குக் கண்ணாடியை நெடுநேரம் துடைத்தார். பிறகு சொன்னார்: "கதை நல்லாத்தானுங்க இருக்குது. மாட்டுக்குப் பென்ஷன் யாருங்க கேட்டா?"

மறுமணம் செய்யாச் சான்று

என் கதையால் ஆகாதது சட்ட ஆலோசகரின் நான்கு வரிக் கடிதத்தால் ஆயிற்று. 'வழக்கு வந்தால் தோற்போம்' என்று அவர் எழுதியதும், குழுவினர் அனைவருக்கும் ஒரே பிற்பகலில் நீதியுணர்வு பிறந்தது. விதி திருத்தப்பட்டது.

மனைவியின் பென்ஷனை வாங்க முதலில் வந்தவர் நாமகிரிப்பேட்டைப் பெரியவர் ஒருவர். மறுமணம் செய்துகொள்ளவில்லை என்று ஆண்டுதோறும் எழுதித் தரவேண்டும் என்றேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. ஆம்பளையிடம் கேட்கிற கேள்வியா இது என்று துண்டை உதறித் தோளில் போட்டார். அதே சான்றைக் கையில் பிடித்தபடி வரிசையில் அவருக்குப் பின்னால் நின்ற அம்மாள், சாவதானமாகச் சொன்னார்: "போடுங்கண்ணா கையெழுத்து. நானும் பதினோரு வருசமாப் போடறேன், ஒரு வரன்கூட வரலீங்க."

அடித்தல் திருத்தல் கூடாது

விதி திருந்தியது; படிவம் திருந்தவில்லை. பழைய கட்டுகள் தீர்ந்த பிறகே புதியது அச்சாகும் என்றார்கள். சரசுவின் படிவத்தில் 'மனைவி' என்பதை அடித்துக் 'கணவர்' என்று எழுதி அனுப்பினேன். 'அடித்தல் திருத்தல் கூடாது' என்ற அடிக்குறிப்பைச் சிவப்பு மையால் வட்டமிட்டுத் தலைமை அலுவலகம் திருப்பி அனுப்பியது. மறுநாள் சரசுவுக்குப் பணி ஓய்வு. அதன் பின் எந்தப் பெயரையும் சேர்க்க முடியாது. தலை குனிந்து உண்மையைச் சொன்னேன்.

"அப்ப அடிக்காம எழுதுங்க" என்றார் சரசு.

புதுப் படிவத்தில், 'மனைவியின் பெயர்' என்ற கட்டத்தில், 'ராசு' என்று எழுதினேன். ஒரு கேள்வியும் இல்லாமல் மறுநாள் மதியமே ஒப்புதல் முத்திரையோடு வந்துவிட்டது. இத்தனை பெரிய பிழையோடு ஏற்றுக்கொண்டார்களே என்று நான் வருந்தினேன். சரசு அந்தத் தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டே சொன்னார்: "பிழையெல்லாம் ஒண்ணுமில்லீங்க சார். எட்டு வருசமா ஊட்டுல ஆக்கி வச்சுட்டு, நான் வார வரைக்கும் சாப்புடாம உக்காந்திருக்கறது அவருதானுங்க."

அன்பர்களே, எங்கள் ஆலைக்கு நீதி ஒருவாறு வந்து சேர்ந்துவிட்டது. அது உட்காருவதற்குத்தான் இன்னும் ஒரு கட்டம் அச்சாகவில்லை.